விமர்சனத்துக்கு வந்ததும் கடைக்கு வந்ததும்

அந்தத் தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் ‘எங்கள் குழு’ பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தது இது:

“நொடியில் தீர்ப்பு! கணினி உலகின் நாடியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைவைத்திருக்கும் அதிவேக விமர்சகர். இவருடைய ஆய்வுக்கூடத்தில் தினமும் நான்கு கருவிகளாவது அக்கக்காகப் பிரிக்கப்படுகின்றன. சில்லுகளோடு பேசுவார், பலகைகளோடு வாழ்வார். இவர் கண்ணுக்குத் தப்பி எந்தக் கருவியும் சந்தைக்கு வந்ததில்லை.”

பக்கத்தில் படமும் உண்டு. வெள்ளைக் கோட்டு அணிந்து, கையில் திருப்புளியோடு, தொலைவில் எதையோ கண்டுபிடித்துவிட்டவர்போல் நிற்கிறார். கோட்டு கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருடையது. பத்து நிமிட இரவல். திருப்புளி அன்றைக்கு ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவருடையது. அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார். முகம் மட்டும் சொந்தம்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘நிதானம்’. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று, இறங்கி வருபவருக்கு வழிவிட்டு, அவர் போன பிறகும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். ஆய்வுக்கூடம் என்பது இரண்டாம் மாடியில் ஒரு அறையின் பாதி. மறுபாதியில் ஜெராக்ஸ் இயந்திரமும் காலி அட்டைப்பெட்டிகளும் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பாதி அறையில் பிரிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை பூஜ்யம். நிறுவனங்கள் விமர்சனத்துக்கு அனுப்பும் கணினிகளின் அடியில் சின்னதாக ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். முத்திரை கிழிந்தால் அந்த நிறுவனம் அடுத்த கணினியை அனுப்பாது. பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிக்கத்தான் கூடாது. அந்தத் தொழிலில் எல்லாத் தளங்களும் இப்படித்தான் பிழைத்தன.

இதற்கு முன் அவர் வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தார். சலவை இயந்திரம், மிக்சி, தண்ணீர் சூடேற்றி. அந்த வேலையை அவர் மனதார விரும்பினார், ஏனென்றால் அதில் கருத்துக்கு இடமில்லை. ‘மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்’ என்றால் துண்டிக்கவும், அவ்வளவுதான். துண்டிக்காதவர் மாற்றுக்கருத்துச் சொல்ல மிஞ்சுவதில்லை. இப்படிப்பட்ட மனிதரைக் கூப்பிட்டுக் கருத்து எழுத உட்கார வைத்தவர் அவருடைய தங்கை கணவர். தளம் அவருடையது. “வெளியாளைப் போட்டா ரெண்டே மாசத்துல போட்டித் தளத்துக்குத் தாவிடுவான். நீங்க எங்க மச்சான் தாவப் போறீங்க?” என்றார். அது பாராட்டா இல்லையா என்று நிதானம் யோசித்து முடிப்பதற்குள் வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

முதலாளி என்று அந்தத் தங்கை கணவரைச் சொல்லலாம். கெட்டவர் இல்லை. வேகமானவர், அவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்தில் ‘மேசைக் கணினி செத்துவிட்டது’ என்று ஒரு கட்டுரை எழுதுவார். ஆண்டின் நடுவில் ‘மேசைக் கணினி திரும்பி வருகிறது’ என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே வாசகர்கள் ஒரே கோபத்தோடு படித்தார்கள். நடுநடுவே புதிய மென்பொருள் பதிப்பு வந்தால் ‘உடனே ஏற்றுங்கள்’ என்று காலையிலும், ‘தயவுசெய்து ஏற்றாதீர்கள்’ என்று மாலையிலும் எழுதுவார். “ரெண்டையும் எழுதிட்டா ஏதாவது ஒண்ணு சரியாத்தானே மச்சான் இருக்கும்?” என்று கேட்பார். 

விமர்சனம் எழுதும் முறை இது. புதிய கணினி ஒன்றை அறிவிப்பதற்கு நான்கு நாள் முன்பு நிறுவனம் அதை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும். கூடவே ஒரு தாள்: குறித்த நாள், குறித்த மணிக்கு முன்பு ஒரு எழுத்துகூட வெளியிடக் கூடாது. அந்த மணி அடித்ததும் எல்லாத் தளங்களும் ஒரே நொடியில் தத்தம் தீர்ப்பை வெளியிடும். முதல் நிமிடத்தில் வராத விமர்சனத்தை யாரும் படிப்பதில்லை. நான்கு நாளில் நல்லது ஐந்து, குறை மூன்று எழுதியாக வேண்டும். குறை மூன்றும் யாருக்கும் வலிக்காத குறையாக இருக்க வேண்டும். இந்தக் கலையில் நிதானம் நாளடைவில் தேர்ந்துவிட்டார். ‘பெட்டியில் தரும் ஒயர் சற்றுக் குட்டை’, ‘இன்னும் கொஞ்சம் எடை குறைந்திருக்கலாம்’, ‘மூடும்போது ஓசை வருகிறது, திறக்கும்போது வரவில்லை.’

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யார் சொல்லையும் கேட்பதில்லை. கையேடு எழுதிய காலத்தின் படங்கள் பதினோராயிரத்தை ஒரு கோப்புறையில் வைத்திருந்தார். எந்தக் கணினி வந்தாலும் அதில் அவற்றை ஏற்றி, அதற்குள்ளேயே இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, சமையலறையில் பயன்படும் ஒரு மணிக்கருவியை முடுக்கி எதிரில் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் பத்து விதமான சோதனை மென்பொருள்களை ஓட்டி வண்ண வண்ண வரைபடம் போட்டார்கள். அவர் கோடு போட்ட நோட்டில் நிமிடமும் நொடியும் குறித்தார். விமர்சனத்தில் அந்த எண்ணைப் போட முதலாளி விட்டதில்லை. “சமையல் குறிப்பு மாதிரி இருக்கு மச்சான்” என்பார்.

அவருக்கு இருந்த கெட்ட பழக்கம் ஒன்று: வந்த கணினியைக் குறித்த நாளில் திருப்பி அனுப்பமாட்டார். நல்ல விமர்சகர்கள் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இவர் பெட்டியைத் தேட வேண்டும், ஒட்டுநாடா தேட வேண்டும், கூரியர்காரர் வரும்போது இவர் படிக்கட்டு வளைவில் நிற்க வேண்டும். நிறுவனங்கள் நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். முதலாளி திட்டுவார். அப்படி ஏழு வாரமாகத் திரும்பிப் போகாமல் அலமாரியில் இருந்த ஒரு சாம்பல் நிற மடிக்கணினியைப் பற்றியதுதான் இந்தக் கதை.

அந்தக் கணினி வந்தபோது அவர் பதினோராயிரம் படங்களையும் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு மணிக்கருவியை முடுக்கினார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் வேலை முடிந்தது. அந்த விலைக்கு அவருடைய நோட்டில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு எண் இல்லை. மறுபடி செய்தார். அதே எண். அன்றைக்கு அவர் படிக்கட்டில் நிற்காமல் இறங்கியதாகக் கண்ணாடிக் கடைக்காரர் சொல்கிறார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். வழக்கமான மூன்று குறைகளுக்கு இரண்டுதான் கிடைத்தன; மூன்றாவதாக ‘சாம்பல் நிறத்தில் மட்டுமே கிடைக்கிறது’ என்று எழுதினார். கடைசி வரி, “தயங்காமல் வாங்கலாம்.” தயங்குவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் எழுதிய வரி. நிறுவனத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய், கணினி விற்கும் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்துவிட்டது.

அவருடைய மனைவி கட்டட வரைபடம் போடுபவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கட்டப்போகும் வீடுகளுக்குச் சாப்பாட்டு அறை போடுவார். அவருடைய பழைய கணினி ஒரு நாள் கண்ணை மூடியது. கணவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர ஆறு மாதம் ஆகும் என்று அனுபவத்தில் தெரியும். தானே கடைக்குப் போய் அந்தச் சாம்பல் கணினியை வாங்கி வந்தார்.

மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கூப்பிட்டார். “ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. உங்க அஞ்சு நட்சத்திரத்தைப் பாருங்க.”

நிதானம் போய்ப் பார்த்தார். திரையில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வரைபடம் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. அதான் பிரச்சனை. சேமிக்கச் சொல்லிட்டுக் காய் நறுக்கப் போனேன். நறுக்கி, தாளிச்சு, இறக்கியும் ஆச்சு. இது இன்னும் சேமிச்சுக்கிட்டே இருக்கு.”

“இந்த மாடல் அப்படி இல்லையே...”

“கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷத்துல முதல் தடவையா உங்க பேச்சைக் கேட்டேன். எழுதி வேற குடுத்திருந்தீங்க, பெட்டியில அச்சடிச்சு. இனிமே கேப்பேனா?”

நிதானம் அலுவலகம் போய், அலமாரியில் இருந்த விமர்சனக் கணினியை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரே நிறம், ஒரே மாடல் எண், அடியில் ஒரே எழுத்துகள். இரண்டிலும் படங்களை ஏற்றி மணிக்கருவியை முடுக்கினார். விமர்சனக் கணினி, ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு. கடைக் கணினி, ஒன்பது நிமிடம் நாற்பது. மனைவியின் கோப்புகள் குறுக்கே நிற்கின்றனவோ என்று அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி செய்தார். ஒன்பது நிமிடம் முப்பத்தெட்டு. மூன்றாம் தடவை செய்யும்போது மனைவி, “ரெண்டு நொடி மிச்சம் பிடிச்சிட்டீங்க, போதும், சாப்பிட வாங்க” என்றார். அவர் சாப்பிட வரவில்லை.

திங்கட்கிழமை நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்பாளரிடம் தொலைபேசியில் பேசினார். தேன் குரல் கொண்ட பெண்மணி. முதலில் நலம் விசாரித்தார், பிறகு ஏழு வாரமாகத் திரும்பாத கணினியை விசாரித்தார். நிதானம் இரண்டு எண்களையும் சொன்னார்.

“சார், உதிரிபாகங்கள் கையிருப்பைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னபின்ன மாறலாம். பயன்படுத்துறவங்க அனுபவம் மாறாது.”

“கிட்டத்தட்ட எட்டு நிமிஷம் மாறுதுங்க.”

“நீங்க உள்ள பிரிச்சுப் பாத்தீங்களா சார்?”

“இல்ல.”

“பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படி சார் சொல்ல முடியும்?”

“பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே முத்திரை ஒட்டியிருக்கீங்க?”

“ஆமா சார். தயவுசெஞ்சு பிரிச்சுடாதீங்க. அந்தக் கணினியை இன்னிக்கே அனுப்பிடுங்க, நாங்களே பிரிச்சுப் பாத்துச் சொல்றோம்.”

நியாயமான பேச்சு. பிரித்தவர்தான் பேசலாம், யாரும் பிரிக்கக் கூடாது. இந்த வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நிதானம் நெடுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு கணினிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருவின் எதிர்ச்சாரியில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனார்.

ரிப்பேர்காரருக்கு அவரைத் தெரியும். அவருடைய விமர்சனங்களைப் படிக்கமாட்டார். ஆனால் அவற்றைப் படித்து வாங்கியவர்களைத் தினமும் சந்திப்பவர்.

“வாங்க சார். ஆய்வுக்கூடத்துல திருப்புளி தீர்ந்துபோச்சா?”

“இது ரெண்டையும் பிரிக்கணும்.”

“முத்திரை இருக்கே. கிழிஞ்சா இந்தப் பக்கம் உங்களுக்குக் கம்பெனி போகும், அந்தப் பக்கம் வீட்டம்மாவுக்கு வாரண்டி போகும். கேட்டுட்டீங்களா?”

வாரண்டியைப் பற்றி மனைவியைக் கேட்டாகிவிட்டது. ‘ஓடாத வண்டிக்கு எதுக்கு உத்தரவாதம்’ என்று சொல்லியிருந்தார். இதை நிதானம் சொன்னதும் ரிப்பேர்காரர் சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

“பன்னெண்டு வருஷமா எழுதுறீங்க. ஒரு தடவைகூட உள்ள பாத்ததில்லையா சார்?”

“இல்ல.”

“நல்லா இருக்கு. ஜாதகமும் போட்டோவும் பாத்தே நூறு கல்யாணம் பண்ணி வெச்ச தரகர் மாதிரி.”

மூடிகள் திறந்தன. கோப்புகளைச் சேமிக்கும் சில்லு விரல் நீளத்துக்கு ஒரு பட்டையான பலகையில் இருக்கும். விமர்சனக் கணினியில் கறுப்புப் பலகை, நான்கு சில்லு. கடைக் கணினியில் பச்சைப் பலகை, ஒரே சில்லு, தயாரித்தவர் பெயரும் வேறு. தெரியாத கண்ணுக்கும் தெரிகிற வித்தியாசம். பெண் பார்க்கும்போது அக்காவைக் காட்டிவிட்டு மணவறையில் தங்கையை உட்கார வைத்திருந்தார்கள்.

ரிப்பேர்காரர் ஒரு கணம் பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் இன்னும் இரண்டு சாம்பல் கணினிகளை எடுத்து வந்தார். “இதே மாடல். மெதுவா ஓடுதுன்னு கொண்டுவந்தாங்க. வைரஸா இருக்கும்னு ஒரு தடவை துடைச்சுக் குடுத்தேன். திரும்பவும் வந்து நிக்குது. வைரஸ் மேல பழி போட்டேனே, பாவம் அது.” உரியவர்களிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு அவற்றையும் பிரித்தார். இரண்டிலும் பச்சை. நிதானம் நான்கையும் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுக்க அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் அந்தந்தக் கணினியின் வரிசை எண் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

தவறு எது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அந்த நிறுவனம் செய்தது வேறு கணக்கு. அவர் செய்தது, தனக்கு வந்ததைப் பார்த்துவிட்டு ஊருக்கு வரப்போவதைப் பற்றி எழுதியது. எல்லா விமர்சகர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கணினியைத் திருப்பி அனுப்பிவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் ஒரே மேசையில் இருந்தது உலகத்தில் இவர் ஒருவரிடம்தான். சோம்பலுக்குக் கிடைத்த பலன் என்று சொன்னால் ஒழுக்க நூல்கள் ஒத்துக்கொள்ளமாட்டா.

செவ்வாய்க்கிழமை முதலாளி முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி முத்திரை கிழிந்த படத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“பிரிச்சிட்டீங்களா? மச்சான், இது தெரிஞ்சா எந்தக் கம்பெனியும் நமக்கு ஒரு மவுஸ்கூட அனுப்பாது. கணினி வராத தளத்துல நாம என்னத்த விமர்சிக்கிறது, ஒருத்தரை ஒருத்தரா?”

“நாம எழுதினது தப்பு மாப்பிள்ளை. திருத்திடலாம்.”

“திருத்துவோம். யார் வேணாம்னா? ஆனா வெள்ளிக்கிழமை என்ன தெரியுமில்ல?”

தெரியும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாம்பல் கணினிக்குக் கல்லூரி மாணவர்களுக்கான சலுகை விற்பனை. ஒரே நாள். அந்த விளம்பரம் தளத்தின் முகப்பு முழுவதும் வரப்போகிறது. தளம் தொடங்கியதிலிருந்து கிடைத்த பெரிய விளம்பரம் அதுதான். ஏழு பேர் வேலை பார்க்கும் அந்த இரண்டாம் மாடி இந்த ஆண்டைத் தாண்டுமா என்பது அதைப் பொறுத்தே இருந்தது. அந்த ஏழு பேரில் நிதானமும் ஒருவர். ஏழு பேரில் சேராதவர் அவருடைய தங்கை; அவர் வீட்டு அடுப்பும் இதே மாடியை நம்பித்தான் எரிந்தது.

“வெள்ளிக்கிழமை வித்து முடியட்டும். திங்கக்கிழமை நாம உண்மையைப் போடுவோம். பெருசா, முகப்புலயே போடுவோம்.”

“வித்து முடிஞ்ச பிறகு யாருக்கு மாப்பிள்ளை அது?”

“வரலாற்றுக்கு” என்றார் முதலாளி. அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய தொழிலில் மூன்று நாளுக்கு முந்தையது எல்லாமே வரலாறுதான்.

அன்று மாலை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணே, நீ எப்பவுமே எல்லாத்தையும் லேட்டாத்தானே பண்ணுவ? இதை மட்டும் ஏன்ணே சீக்கிரம் பண்ணணும்கிற? மூணு நாள் சும்மா இரு, உனக்குப் பழக்கமானதுதானே?”

 புதன்கிழமை நிதானம் அலுவலகம் வந்து வழக்கம்போல் வேலை பார்த்தார். வியாழக்கிழமை விளம்பரத்தின் மாதிரி வந்து எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். சாம்பல் கணினி தானே சுழன்று சுழன்று வந்தது. நடுவில் பெரிய எழுத்தில், ‘தயங்காமல் வாங்கலாம்.’ அடியில் சிறிய பொத்தான்: ‘விமர்சனத்தைப் படிக்க இங்கே அழுத்தவும்.’ அழுத்தினால் நேரே நிதானத்தின் பழைய விமர்சனம் திறந்தது.

“யாரு மச்சான் இதையெல்லாம் அழுத்திப் படிக்கப் போறாங்க?” என்றார் முதலாளி.  ஆனால் நிதானம் அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்திப் பார்த்ததை ஜெராக்ஸ் எடுக்க வந்த கணக்குப்பிள்ளை பார்த்திருக்கிறார்.

பழைய பக்கங்களைத் திருத்துவது, அதாவது எழுத்துப்பிழை, மாறிப்போன விலை, செத்துப்போன இணைப்பு இவற்றைச் சரிசெய்வது, ஆண்டுக்கணக்காக அவர் பொறுப்பில் இருந்தது. வேறு யாரும் விரும்பாத வேலை என்பதால் யாரும் மேற்பார்க்காத வேலையும்கூட.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் மனைவியின் கணினி முன் உட்கார்ந்தார். மனைவி எதிரில் காப்பி வைத்தார்.

“என்ன எழுதப் போறீங்க?”

“தப்புன்னு.”

“அதுக்கு இவ்வளவு நேரமா?”

“எவ்வளவு தப்புன்னும் சொல்லணுமே.”

அவர் எழுதியது பத்து வரி. கையேட்டு நடை. கீழே உள்ள விமர்சனம் தவறு. நான் சோதித்தது நிறுவனம் எனக்கு அனுப்பிய கணினியை. கடையில் விற்ற மூன்று கணினிகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் சேமிப்புச் சில்லு வேறு. கடையில் வாங்கிய ஒன்றில் நேரம் பார்த்தேன். ஒரே வேலைக்கு எனக்கு வந்த கணினி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியும், கடையில் வாங்கியது ஒன்பது நிமிடம் நாற்பது நொடியும் எடுத்துக்கொண்டன. மற்றக் கணினிகளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிறுவனத்தைக் கேட்டேன், உதிரிபாகங்கள் மாறலாம் என்றார்கள். நான் கொடுத்த ஐந்து நட்சத்திரங்களைத் திரும்பப் பெறுகிறேன். வாங்கும் முன் தயங்கவும்.

நான்கு படங்களையும், அடியில் தன் பெயரையும் சேர்த்தார். பக்கத்தைச் சேமிக்கச் சொன்னபோது கணினி நின்றுவிட்டது. இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தன்னைப் பத்தி எழுதுறது பிடிக்கலையோ என்னவோ” என்றார் மனைவி. எட்டு ஐம்பதுக்குச் சேமித்தது. ஒன்பது மணிக்கு விளம்பரம் வந்தது.

பொத்தானை யாரும் அழுத்தமாட்டார்கள் என்ற முதலாளியின் கணிப்பு பதினாறாயிரம் பேர் அளவுக்குப் பிசகிவிட்டது. பதினொன்றரைக்குத் தேன் குரல் பெண்மணி முதலாளியைக் கூப்பிட்டார். அன்றைக்குத் தேன் இல்லை. முதலாளி நிதானத்தைக் கூப்பிட்டார்.

“மச்சான், அந்தப் பக்கத்துல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“திருத்தம்.”

“யாரைக் கேட்டு?”

“பழைய பக்கத்தைத் திருத்துறதுக்கு நான் யாரையும் கேட்டதில்லையே மாப்பிள்ளை.”

 முதலாளி கேட்டார்: “உங்களால எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அதைத்தான் யோசிச்சேன்.”

“என்னதான் முடிவுக்கு வந்தீங்க?”

“உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா வாங்குறவங்களுக்கு என்னைத்தவிர வேற யாரும் சொல்லப் போறதில்லை.”

பதினொன்று நாற்பதுக்குப் பக்கம் அகற்றப்பட்டது. வந்த பதினாறாயிரம் பேரில் எத்தனை பேர் வாங்காமல் திரும்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாங்கியே தீருவது என்று வந்தவர்கள் விமர்சனம் படித்துத் திருந்துவதில்லை. யாரோ பக்கத்தைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். மற்றத் தளங்கள் சரிபார்க்க விரும்பின, ஆனால் யாரிடமும் விமர்சனக் கணினி இல்லை. நிறுவனம் மீதி விளம்பரத்தை நிறுத்தியது. இரண்டு மாதம் கழித்து அட்டைப்பெட்டியிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ‘உதிரிபாகங்கள் மாறக்கூடும்’ என்று சேர்த்தது. தளம் மூடவில்லை, ஏழு பேர் நான்கு பேரானார்கள், ஜெராக்ஸ் இயந்திரம் விற்கப்பட்டது. முதலாளி ‘விமர்சனத்துக்கு வரும் கணினியை நம்பலாமா?’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆண்டில் அவர் எழுதியவற்றில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். அதில் நிதானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘எங்கள் குழு’ பக்கத்திலும் இல்லை.

தங்கை நான்கு மாதம் பேசவில்லை. ஐந்தாம் மாதம் வந்து, அண்ணனிடம் பேசாமல் அண்ணியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். ஆறாம் மாதம் இருவரிடமும் பேசினார். பச்சைப் பலகையை மாற்றி ரிப்பேர்காரர் வேறொன்று பொருத்தியதில் மனைவியின் கணினி இப்போது நன்றாக ஓடுகிறது. மருத்துவமனைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்கள். நிதானம் மறுபடியும் தண்ணீர் சூடேற்றிகளுக்குக் கையேடு எழுதுகிறார்.

ஒரே பெயரில் விற்ற இரண்டு கணினிகளை ஒரே வேலையைச் செய்யவைத்து நேரம் பார்த்தார். வேறாக இருந்தது. பிரித்துக் காரணம் பார்த்தார். தான் எழுதியது தவறு என்று, வாங்க வருபவர்கள் படிக்கும் இடத்தில், விற்பனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, தன் பெயர் போட்டு எழுதினார்.